தண்ணீர்விட்டான் குடும்பமும் ஒரு நூல் கடையும்

என் கணவரின் அக்கா, கையில் கற்றாழையோடு ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அந்தக் கற்றாழை இல்லை என்று. நான் இங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். செடியைப் பார்த்ததும் அதன் குடும்பத்தை விசாரிப்பது எங்கள் தொழில். மனிதர்களிடம் அப்படி விசாரித்தால் அடிக்க வருவார்கள். செடி ஒன்றும் சொல்லாது.

அன்றைக்கு எங்கள் கடை திறப்பு. கணவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். அங்கே அவர் ஸ்டோர் கீப்பர். வீட்டில் சும்மா உட்கார்ந்து என் சமையலுக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் எழுந்து ரத வீதியில் ஒரு சின்னக் கடையைப் பிடித்துவிட்டார். தையல் சாமான் கடை. நூல், லைனிங் துணி, சேலைக்கு அடிக்கிற ஃபால்ஸ், உள்பாவாடை, ஊக்கு, பட்டன். இந்த ஊரில் ஜவுளிக் கடைக்கும் தையல்காரர்களுக்கும் பஞ்சமில்லை, அதனால் ஓடும் என்பது அவர் கணக்கு.

"அடுத்த ஆடித் தபசுத் திருவிழா வரைக்கும் பாப்போம். ஓடலைன்னா திருப்பூர் போயிருதேன்" என்றார்.

திருப்பூரில் இந்த அக்காவின் மகன் ஒரு பனியன் கம்பெனியில் நல்ல இடத்தில் இருக்கிறான். ஸ்டோர்ஸில் மாமாவுக்கு ஒரு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். எனக்குக் கல்லூரி இங்கே. மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அவர் போய்விட்டால் இங்கே நான் ஒருத்தி, அங்கே ஒரு ரூமில் அவர் ஒருத்தர். இத்தனை வருஷம் கழித்து அப்படி ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டாம். ஆனால் வேலை போன மனிதரிடம் போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. திருப்பூர் என்ற பேரே பிடிக்காமல் போனது. அந்த ஊர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

கற்றாழைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் புதுக் கடை, புது வீடு என்றால் சோற்றுக் கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாக வாசலில் கட்டுவார்கள். திருஷ்டிக்கு. மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அது மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்கும். சில இடத்தில் தொங்கிக்கொண்டே நுனியை மேலே வளைத்துப் பூத்தண்டும் விடும். பூ விட்டுவிட்டால் போதும், அந்தக் கடை நிலைத்துவிட்டது என்று ஊர் முடிவு செய்துவிடும்.

என் நாத்தனார் இதை எல்லாம் மிகவும் நம்புகிறவர். மேலநீலிதநல்லூரில் அவர் வீட்டு முற்றத்துத் தொட்டியில் சோற்றுக் கற்றாழை இருக்கிறது. தோட்டத்து வேலியில் ஆனைக் கற்றாழையும் இருக்கிறது. ரயில் பாதை ஓரத்தில் வாள் வாளாக நிற்குமே, நுனியில் முள்ளோடு, அது. அதன் குட்டி, சின்னதாக இருக்கும்போது, பார்க்கிறவர்களை ஏமாற்றும். அதைத்தான் கொண்டு வந்திருந்தார்.

"தொட்டியில இருந்தது நோஞ்சானா இருந்துச்சு. இது நல்லாத் தாட்டியமா இருந்துச்சு, அதான் இதையே புடுங்கிட்டேன். தம்பி கடைக்குல்லா" என்றார்.

அந்த அன்புக்கு முன்னால் நான் என்ன சொல்ல. அவரே முக்காலியில் ஏறி, சிவப்புக் கயிற்றால் கட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். "ஒரு வருசத்துல பூ விட்டுரும் மக்கா. விட்டுச்சுன்னா உன் கடையை ஒருத்தன் அசைக்க முடியாது" என்றார். கணவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கடையின் தலையெழுத்தை அந்தக் கயிற்றில் கட்டிவிட்டார் என்று புரிந்தது.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொண்டு திரிகிற வழக்கம் எனக்கு இல்லை.

"ஏங்க, அது சோத்துக் கத்தாழை இல்ல. ஆனைக் கத்தாழைக் குட்டி. இது லேசுல பூக்காது. வருசக்கணக்கா ஆகும்."

"அதுவும் கத்தாழைதானே?"

"பேருதான் கத்தாழை. குடும்பம் வேற."

"உன் குடும்பத்தை எல்லாம் காலேஜோட வச்சுக்கோ ஏட்டி. எங்க அக்கா கையால கட்டுனது, பூக்கும்."

இதில் ஒரு பாதியை நான் விழுங்கிவிட்டேன். ஆனைக் கற்றாழை ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். கம்பம் மாதிரி ஒரு தண்டை விட்டு, பூத்து, அதோடு செத்துப்போகும். கடை திறந்த அன்றைக்கு இதையும் சொல்கிற அளவுக்கு எனக்குக் கல் நெஞ்சில்லை.

கடை ஓடவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஈ காக்கை வராது. கல்லூரி முடிந்ததும் நான் நேராக அங்கே போய்விடுவேன். அவர் டீ வாங்கி வைத்திருப்பார். நான் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைத் தயார் செய்வேன். உண்மையைச் சொன்னால், வியாபாரம் இல்லாத அந்தச் சாயங்காலங்கள் எனக்கு நன்றாகத்தான் இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவர் மில்லுக்கும் நான் கல்லூரிக்கும் ஓடிக்கொண்டே இருந்தோம். இப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடித்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தை வெளியே காட்டினால் கடை ஓடாததற்குச் சந்தோஷப்படுகிறாள் என்று ஆகிவிடுமே என்று மூஞ்சியைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொள்வேன்.

அந்தப் பருவத்தில் நான் நடத்திக்கொண்டிருந்தது தண்ணீர்விட்டான் குடும்பம். புத்தகத்தில் அஸ்பராகேசியே என்று இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பேர் வாயில் நுழையாது, தண்ணீர்விட்டான் என்றால் உடனே கிழங்கு ஞாபகம் வரும். செடிகளைப் பறித்துக் காட்டாமல் எனக்குப் பாடம் நடத்த வராது. குருவிகுளம் பக்கத்துக் காட்டில் முள்ளுக்குள் ஏறிக் கிடந்த தண்ணீர்விட்டான் கொடியை ஒரு மாணவி கொண்டு வந்தாள். பட்டை பட்டையாகக் கோடு போட்ட மருள் இலையை இன்னொருத்தி. நரிவெங்காயம் என் வீட்டுத் தொட்டியிலேயே இருந்தது. சம்பங்கிக்கு மட்டும் எங்கேயும் போக வேண்டாம், நம் ஊர்ப் பூ மார்க்கெட் இருக்கிறது. எல்லாவற்றையும் நூல் பெட்டிகளுக்கு நடுவே கல்லா மேஜையில் பரப்பி வைத்திருந்தேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் என்னது?"

"எல்லாம் ஒரே குடும்பம்."

"எது? இந்த ஊசி ஊசியா இருக்க கொடியும் சம்பங்கியுமா?"

"ஆமா."

"வெங்காயம்?"

"இது நரிவெங்காயம். இதுவும் அந்தக் குடும்பந்தான். சாம்பாருக்குப் போடுற வெங்காயம் வேற குடும்பம்."

"யாருட்டி இதெல்லாம் முடிவு பண்ணுனது? கண்ணு இல்லாதவனா?"

அவருக்கு உண்மையிலேயே கோபம். ஸ்டோர் கீப்பருக்குப் பொருள்கள் இடம் மாறி இருந்தால் பொறுக்காது. நான் சொன்னேன். அந்தக் காலத்தில் இதை எல்லாம் லில்லிக் குடும்பம் என்று ஒரே கூரைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். வெங்காயம், சோற்றுக் கற்றாழை, தண்ணீர்விட்டான், செங்காந்தள், எல்லோரும் அங்கேதான். பூவில் இதழ் ஆறு, மகரந்தத் தாள் ஆறு என்று எண்ணிப் பார்த்து, ஒன்றுபோல இருக்கிறவர்களை எல்லாம் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது குட்டு உடைந்தது. பாகப்பிரிவினை. வெங்காயம் தனியே போனது. சோற்றுக் கற்றாழை தனியே போனது. செங்காந்தளைப் பார்த்தால் அது ரொம்ப தூரத்துச் சொந்தம். தண்ணீர்விட்டானும் மருளும் நரிவெங்காயமும் ஆனைக் கற்றாழையும் கொஞ்ச நாள் தனித்தனிக் குடும்பமாக இருந்துவிட்டு, கடைசியில் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"சம்பங்கி?"

"அது உங்க ஆனைக் கத்தாழைக்குக் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி. இப்ப ரெண்டையும் ஒரே பேரினத்துல வச்சாச்சு."

அவர் வாசலில் தொங்கியதை அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்த சம்பங்கியைப் பார்த்தார். "பாத்தா ஒண்ணுபோல இருக்கது ஒண்ணு இல்லைங்கிற. துளியும் சம்பந்தம் இல்லாம இருக்கது ஒண்ணுங்கிற. உங்க படிப்பு நல்லாயிருக்கு" என்றார்.

அந்த நேரத்தில் ஒரு அம்மா சேலையோடு வந்தார். பாசிப்பச்சைச் சேலை. அதற்கு லைனிங், நூல், ஃபால்ஸ், உள்பாவாடை நான்கும் வேண்டும். கணவர் ஏணியில் ஏறி லைனிங் அடுக்கில் தேடினார். இறங்கி நூல் டிராயரைத் திறந்தார். அந்தப் பச்சைக்கும் இந்தப் பச்சைக்கும் ஒட்டவில்லை. ஃபால்ஸ் பின்பக்கம். உள்பாவாடை அதற்கும் பின்னால். ஒவ்வொன்றையும் கொண்டுவந்து சேலைமேல் வைத்துப் பார்த்து, திரும்பக் கொண்டுபோய் வைத்தார். மில் ஸ்டோர்ஸில் நட்டு எல்லாம் ஓர் அடுக்கு, போல்ட்டு எல்லாம் ஓர் அடுக்கு. கடையையும் அப்படித்தான் அடுக்கியிருந்தார். அந்த அம்மாவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. லைனிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கணவர் பாசிப்பச்சை நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் செடிகளையே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திருப்பூரை நினைக்கிறார் என்று நினைத்தேன்.

பங்குனி வெயிலில் கற்றாழை சுருங்க ஆரம்பித்தது. சோற்றுக் கற்றாழையாக இருந்தால் தாங்கியிருக்கும் என்று சொல்லவில்லை, அதுவும் அந்த வெயிலில் வாடத்தான் செய்யும். ஆனால் இது இலை ஓரம் சுருண்டு, நுனி காய்ந்து, பார்க்கவே பாவமாகத் தொங்கியது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். பக்கத்துப் பாத்திரக் கடை அண்ணாச்சி வேறு, "கண்ணு பலமாப் பட்டுருக்கும் போலுக்கே" என்றார். கல்லூரித் தோட்டத்தில் பூத்து நின்ற ஒரு சோற்றுக் கற்றாழையைக் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் மாற்றிக் கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் என் வீட்டுக்காரர் ஸ்டோர் கீப்பர். ஓர் இலை கூடக் குறைய இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அந்த மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து கொஞ்ச நாள் கல்லூரிக்குப் போகவில்லை. பாடம் பாக்கி இருந்தது. உடம்பு தேறியதும் கடையில் உட்கார்ந்தபடியே போனில் வகுப்பு எடுத்து முடித்தேன். அவர் உள்பக்கம் சாமான்களை உருட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போனவர், சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் தூக்குவாளியோடு போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால் கடை முழுவதும் தரையில் கிடந்தது.

"என்னங்க இது?" எனக்குப் பயமாகிவிட்டது. கடையைக் காலி பண்ணுகிறார் என்றே நினைத்தேன்.

"அங்கனயே நில்லு. மிதிச்சிராத" என்றார்.

அப்புறம்தான் பார்த்தேன். நூலும் லைனிங்கும் தனித்தனியாக இல்லை. நிறம் நிறமாகக் குவித்திருந்தார். கிளிப்பச்சை லைனிங், கிளிப்பச்சை நூல், கிளிப்பச்சை ஃபால்ஸ், கிளிப்பச்சை உள்பாவாடை, பட்டன்கூட, எல்லாம் ஒரு குவியல். அரக்கு ஒரு குவியல். மாம்பழ மஞ்சள் ஒரு குவியல்.

"துணியும் நூலும் பட்டனும் பாக்க வேற வேறதான். ஆனா ஒரு சேலை வந்தா இதெல்லாம் ஒண்ணாத்தானே கேக்காங்க? அப்ப இதுதானே குடும்பம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பையன் மாதிரி இருந்தது.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. சேலை நுனியை இடுப்பில் சொருகிக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாய்கிற வரைக்கும் அடுக்கினோம். மயில் கழுத்தில்தான் சண்டை வந்தது. அது பச்சையோடு போகுமா, நீலத்தோடு போகுமா? நான் பச்சை என்றேன், அவர் நீலம் என்றார்.

"உங்க ஆளுங்க இந்த மாதிரி வந்தா என்ன பண்ணுவாங்க?"

"ரொம்பச் சண்டை போடுவாங்க. அப்புறம் அதுக்குன்னு தனிக் குடும்பம் ஒண்ணு வச்சிருவாங்க."

மயில் கழுத்துக்குத் தனியாக ஓர் அடுக்கு ஒதுக்கினோம். தூக்குவாளியில் இருந்த சாம்பார் சாதம் ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

மறுநாளே கூட்டம் அலைமோதியது என்று எழுதினால் அது பொய். ஆனால் வந்தவர்கள் எல்லாவற்றையும் ஓர் அடுக்கிலேயே எடுத்துக்கொண்டு சீக்கிரம் போனார்கள். திரும்பவும் வந்தார்கள். ராயகிரியிலிருந்து ஒரு தையல்காரப் பெண் வாரம் தவறாமல் வர ஆரம்பித்தாள், கூடவே அவள் சினேகிதிகளும். வைகாசியில் முகூர்த்தங்கள் வந்தபோது எனக்கு ஸ்டூலில் உட்கார இடமில்லாமல் போனது. டீயும் நின்றுபோனது. அதற்காக அவரிடம் சண்டை போட்டேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்புத்தான்.

திருப்பூரைப் பற்றி மட்டும் அவர் பேச்செடுக்கவே இல்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, போகிறேன் என்று சொல்லிவிட்டால்? கடை ஓடுகிறது, ஆனால் அக்கா சொன்ன பூ பூக்கவில்லையே. அந்த மனிதர் எதை வைத்து முடிவெடுப்பார் என்று இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தபசுக்கு நாத்தனார் வந்தார். கோயிலில் கூட்டத்தில் நசுங்கி, சாமி பார்த்து, வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் முதலில் அண்ணாந்து பார்த்தார். கற்றாழை பாதி உருவத்தில், மழை கண்டு நடுக்குருத்தில் மட்டும் பச்சை பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் பூக்கலையா மக்கா?"

கடையில் ஆட்கள் இருந்தார்கள். கணவர் யாருக்கோ லைனிங்கைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காத. பூக்கலைன்னா இந்த எடம் உனக்கு ராசியில்லை. இன்னைக்குக் கூட்டம் வரும், நாளைக்கு நின்னுரும். பய அங்கன ரூமெல்லாம் பாத்து வச்சிருக்கான். பேசாம கிளம்பிரு."

நான் நூல் டிராயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து, மதினி அது சோற்றுக் கற்றாழையே இல்லை, தப்புச் செடி என்று சொல்லிவிடலாம். ஆட்களுக்கு முன்னால் மதினியைக் குத்தின மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் போய்விடுவாரோ என்று இருந்தது.

அவர் துணியை மடித்துக் கொடுத்துவிட்டு அக்காவுக்குச் சேரை இழுத்துப் போட்டார்.

"அக்கா, நீ கொண்டு வந்தது சாதாரணக் கத்தாழை இல்ல. அது ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்தா செத்துரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"எவ சொன்னா?" என்றார் நாத்தனார், என்னை ஒரு பார்வை பார்த்து.

"இவ பிள்ளைங்களுக்குப் போன்ல பாடம் நடத்துனா. நான் உள்ள இருந்து கேட்டேன். அன்னையில இருந்து தெனம் காலைல கடை திறந்ததும், பூ கீ விட்டிருக்கக் கூடாதேன்னுதான் அண்ணாந்து பாக்கேன்."

நாத்தனார் மேலே பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"அது பூக்கவே வேண்டாம்க்கா. அது பாட்டுக்கு இங்கன கெடக்கட்டும். நானும் இங்கனயே கெடக்கேன்" என்றார் என் கணவர்.

நாத்தனார் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்துவிட்டு, "சரி, அந்தப் பயகிட்ட நீ வரலைன்னு நானே சொல்லிருதேன்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பெண் ரோஸ் நிற ஃபால்ஸ் கேட்டாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.